பதினாறு பக்கப் படிவமும் ஒரு போஸ்ட் மாஸ்டரும்

எங்கள் மருத்துவமனையின் எதிக்ஸ் கமிட்டியில் ஆறு வருடமாக உறுப்பினர் செயலராக இருக்கிறேன். கதவில் 'நெறிமுறைக் குழு' என்று போர்டு தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு ஒருவர், "ஆபரேஷன் சரியில்லைன்னா இங்கதான் புகார் கொடுக்கணுமா?" என்று உள்ளே வந்தார். இல்லை. புது மருந்தையோ கருவியையோ நோயாளிகளிடம் சோதிக்கும் ஆய்வை இங்கே அனுமதிக்கலாமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

2019ஆம் ஆண்டின் மருந்து ஆய்வு விதிகளின்படி குழுவில் குறைந்தது 7 பேர் வேண்டும். பாதிப்பேர் மருத்துவமனையைச் சேராதவர்கள், தலைவரும் வெளியாள்தான். வழக்கறிஞர் ஒருவர், மருத்துவம் படிக்காத சாதாரண மனிதர் ஒருவர் கட்டாயம். துறைத்தலைவரின் ஆய்வு மேசைக்கு வரும்போது அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் வாயைத் திறக்க மாட்டார். அதனால்தான் இந்த ஏற்பாடு.

எங்கள் சாதாரண மனிதர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். ஒருமுறை சர்க்கரை நோய் மருந்து ஆய்வு ஒன்று வந்தது. தமிழ் ஒப்புதல் படிவம் பதினாறு பக்கம். 'பங்கேற்பாளர் சீரற்ற முறையில் மருந்துப்போலிக் குழுவில் ஒதுக்கப்படலாம்' என்று ஒரு வரி. நானும் இரண்டு நிபுணர்களும் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டியிருந்தோம். அவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சார், அப்போ சிலருக்கு மருந்தே தராம விட்டுடுவீங்களா?" என்றார்.

உண்மையில் அப்படியில்லை. எல்லோருக்கும் வழக்கமான மாத்திரை தொடரும். ஆனால் படிவத்தில் எங்கேயும் அது எழுதப்படவில்லை! திருப்பி அனுப்பினோம். இரண்டு முறை இழுபறிக்குப் பிறகு இப்படி வந்தது: 'உங்களுக்குப் புது மருந்து வருமா, மருந்தில்லாத வெறும் மாத்திரை வருமா என்பது குலுக்கல் போல முடிவாகும். எது வந்தாலும் இப்போது சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்த மாட்டோம்.'

படிவம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு கம்மம் ஒரு பாடம். அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் பள்ளிச் சிறுமிகளுக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போடும் ஆய்வு நடந்தது. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய படிவங்களில் பலவற்றில் விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு எதிக்ஸ் கமிட்டிகளையும் சேர்த்தே கண்டித்தது. (தடுப்பூசி நல்ல தடுப்பூசிதான். என் மகளுக்கும் போட்டிருக்கிறேன். தவறு நடந்தது சம்மதம் வாங்கிய விதத்தில்.)

அனுமதித்த ஆய்வு எப்படி நடக்கிறது என்று தொடர்ந்து கண்காணிப்பதும் கமிட்டியின் பொறுப்பு. இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன, நாங்களும்தான். சனிக்கிழமை மதியம், இரண்டு மணி நேரம், பன்னிரண்டு கோப்புகள், நடுவில் சமோசா. வார்டுக்குப் போக யாருக்கு நேரம்?

ஒருநாள் போனோம். கைநாட்டு வைத்த நோயாளிகளின் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முழு நேரமும் கூட இருக்க வேண்டும் என்பது விதி. ஐந்து படிவத்திலும் ஒரே சாட்சி, ஒரே பேனா. யாரென்று விசாரித்தால், ஆய்வு ஒருங்கிணைப்பாளரின் பக்கத்து மேசைக்காரர். அந்த ஐந்து பேரில் ஒரு அம்மாவிடம் என்ன ஆய்வு என்று கேட்டேன். "இலவசமா ரத்தம் டெஸ்ட் பண்றாங்க தம்பி" என்றார். புதிதாக ஆள் சேர்ப்பதை அன்றே நிறுத்தச் சொன்னோம். ஆய்வாளர் என்னோடு மூன்று மாதம் பேசவில்லை.

உங்களையோ வீட்டில் ஒருவரையோ ஆய்வில் சேரக் கேட்டால் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வந்து சொல்லலாம், அவசரமில்லை. பாதியில் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. அப்புறம், படிவத்தில் கமிட்டியின் தொலைபேசி எண் இருக்கும். அது உங்களுக்காகத்தான்.

எங்கள் எண்ணுக்கு ஆறு வருடத்தில் நான்கு அழைப்புகள் வந்திருக்கின்றன. அதில் ஒன்று, ஸ்கேன் ரிப்போர்ட் ரெடியாகிவிட்டதா என்று கேட்க.