தோற்றாலும் அது என் கையால் தோற்றதாக இருக்கணும்

வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ போனில் கேம் ஆடிக்கொண்டிருக்கும் நாலு பையன்களைக் கூப்பிட்டு, உனக்கே உனக்குன்னு ஒரு கேம் செய்து தர்றேன், அதில் என்னென்ன வேணும் என்று கேட்டுப் பாருங்கள். மேப் பெருசா இருக்கணும், நம்ம ஏரியா அதில் வரணும், ஹார்பருக்குள்ள கன்டெய்னர் லாரி ஓட்டணும், எண்ணூர் ரோட்டில் பைக் ரேஸ் விடணும், விளம்பரம் வரக்கூடாது, காசு கேட்கக்கூடாது, நம்ம போனில் ஹேங் ஆகாம ஓடணும் என்று பட்டியல் நீளும். எல்லாம் நியாயமான ஆசைதான். ஆனால் அதே பையன்கள் எந்த நேரத்தில் கடுப்பாகி ஒரு கேமை அன்இன்ஸ்டால் செய்கிறார்கள் என்று கவனியுங்கள். மேப் சின்னது என்பதற்காக யாரும் போனைத் தூக்கிப் பாயில் எறிவதில்லை. "இன்னாடா இது, நான் செவுத்துக்குப் பின்னாடி பூட்டேன், அப்பாலயும் எப்டிடா அடி வுழுது?" என்று கத்தும்போதுதான் எறிகிறார்கள்.

நன்றாக ஆடுகிற எதிரியிடம் செத்தால் "செம்ம ஆளுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்குகிறவன்தான் இப்படிக் கத்துகிறான். ஆடுகிறவருக்கு ஒரு கேமிடம் முதலில் வேண்டியது, திரையில் நடப்பதெல்லாம் தன் கையால்தான் நடக்கிறது என்ற நம்பிக்கை. ஜெயித்தாலும் சரி, செத்தாலும் சரி. கிராபிக்ஸ், கதை, மேப் எல்லாம் அதற்கு அப்புறம்தான் என்பது என் உறுதியான கருத்து. இந்த நம்பிக்கை மூளைக்குள் எப்படி உண்டாகிறது, எங்கே உடைகிறது, உடையாமல் காப்பாற்ற கேம் செய்கிறவர்கள் உள்ளே என்னென்ன வேலை பார்க்கிறார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

நம்ம பக்கத்தில் தெருவுக்குத் தெரு ஆடும் கேரமை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கரைத் தட்டிய கணமே காய் நகர்கிறது. ரெட் காய் பாக்கெட்டின் விளிம்பில் போய் நின்றுவிட்டால், ஒரு பொட்டு அதிகமாகத் தட்டிவிட்டோம் என்று அடித்தவருக்கே தெரியும், அடுத்த முறை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதும் விரலுக்குத் தெரியும். விரலுக்கும் காய்க்கும் நடுவில் ஸ்ட்ரைக்கரைத் தவிர வேறு எதுவும் இல்லை. வீடியோ கேம் இதே உணர்வைத் தரத்தான் பாடுபடுகிறது, ஆனால் அங்கே நடுவில் கண்ணாடி, சிப், வைஃபை, கேபிள், ஆட்டத்தை நடத்த எங்கோ ஓடும் கம்ப்யூட்டரான சர்வர் என்று பெரிய வரிசையே நிற்கிறது.

இனி மூளைக்கு வருவோம். கையை அசைக்க உத்தரவு போடும்போதே, அதனால் என்ன நடக்கப்போகிறது என்ற கணிப்பையும் மூளை போட்டு வைத்துக்கொள்கிறது. பிறகு நடந்ததைக் கணிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போனால் இது நான் செய்தது, போகாவிட்டால் இது வெளியிலிருந்து வந்தது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாமல் போவதற்குக் காரணமும் இந்தக் கணிப்புதான். 1999இல் லண்டன் ஆய்வாளர்களான சாரா ஜேன் பிளேக்மோர், கிறிஸ் ஃப்ரித், டேனியல் வோல்பர்ட் மூவரும் இதைச் சோதித்து எழுதினார்கள். சோதனைக்கு வந்தவர் இடது கையால் ஒரு கருவியை அசைப்பார், ரோபோ ஒன்று அதே அசைவை ஸ்பாஞ்சால் அவருடைய வலது உள்ளங்கையில் செய்து காட்டும். உடனுக்குடன் செய்தபோது கிச்சுகிச்சு குறைவாக இருந்தது. நடுவில் 100 மில்லி நொடி, 200 மில்லி நொடி என்று தாமதத்தை ஏற்ற ஏற்ற கிச்சுகிச்சும் ஏறியது. அசைத்தது அதே ஆளின் கைதான். ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் வந்ததும் மூளை அதை ஏறக்குறைய வேறொருவர் தொட்டது போல எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

2002இல் பேட்ரிக் ஹேகார்டும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கம். ஒருவர் தானாக ஒரு பட்டனை அழுத்துகிறார், 250 மில்லி நொடி கழித்து ஒரு சத்தம் கேட்கிறது. எப்போது அழுத்தினீர்கள், எப்போது கேட்டீர்கள் என்று கேட்டால், இரண்டுக்கும் நடுவில் உண்மையில் இருந்ததை விடக் குறைவான இடைவெளி இருந்ததாகவே சொல்கிறார்கள். தன் விருப்பத்தால் செய்த காரியத்தையும் அதன் விளைவையும் மூளை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து மூளையைத் தூண்டி விரலைத் தானாகத் துடிக்க வைத்தபோது அந்த ஒட்டுதல் காணாமல் போனது.

இப்போது போனைப் பாருங்கள். நொடிக்கு 60 படம் வரையும் கேமில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. 30 படம் என்றால் 33.3. நீங்கள் தொட்டதைக் கண்ணாடி உணர்ந்து, கேம் கணக்குப் போட்டு, படம் வரைந்து, திரையில் காட்டுவதற்குள் இப்படிச் சில படங்களின் நேரம் ஓடிவிடும். அதுவும் மே மாதத்தில், ஷீட் போட்ட வீட்டில், சார்ஜரில் செருகியபடியே ஆடினால் சிப் கொதிக்கும். சூடு ஓர் அளவைத் தாண்டினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, படங்கள் விட்டு விட்டு வருகின்றன. பிஜிஎம்ஐ என்ற சுடும் கேமை ஆடுகிற பையன்கள் கிராபிக்ஸை அழகு குறைவான 'ஸ்மூத்'தில் போட்டுவிட்டு, நொடிக்கு எத்தனை படம் என்ற ஃப்ரேம் ரேட்டை மேலே ஏற்றி வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல போன் வைத்திருப்பவர்கள் பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். கேட்டால் கிராபிக்ஸ் வேணும் என்கிறவர்கள், தேர்ந்தெடுக்கச் சொன்னால் புல்லின் அழகை விட்டுவிட்டு விரலுக்கு உடனே கிடைக்கும் பதிலை எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, சுவருக்குப் பின்னால் போனவன் ஏன் செத்தான்?

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக் கரையில் ஏறும் கடலடி கேபிள்களில் ஒன்று 2002இல் சிங்கப்பூருக்குப் போடப்பட்ட ஐ2ஐ, நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அதன் வழியே ஒரு செய்தி சிங்கப்பூர் சர்வருக்குப் போய்த் திரும்ப, வேறு எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் 32 மில்லி நொடி ஆகும். எவ்வளவு காசு கொட்டினாலும் அந்தக் கேபிளில் இதற்குக் கீழே போக முடியாது. மேலே ஏறுவதற்குத்தான் ஆயிரம் வழி இருக்கிறது: ஒரே வைஃபையில் அக்கா சீரியல் பார்ப்பது, டவரில் கூட்டம் சேர்வது, இப்படி.

காசிமேட்டில் ஆடும் பையனுக்கு பிங் 40 என்று வையுங்கள், அவனைச் சுடுகிற எதிரிக்கு 150. பிங் என்பது போய்வரும் நேரம் என்பதால் ஒரு வழிக்கு அதில் பாதி. நம் பையன் வெட்டவெளியில் ஓடும் காட்சி சர்வரிலிருந்து எதிரியின் திரைக்குப் போகவே 75 மில்லி நொடி. அவன் குறி பார்த்துச் சுடுகிறான், "சுட்டேன்" என்ற செய்தி சர்வருக்கு வர இன்னொரு 75. இதற்குள் நம் பையன் ஓடிப்போய்விட்டான். சர்வர் இப்போது யாரை நம்புவது? அந்த நொடியில் ஆள் எங்கே நிற்கிறான் என்று மட்டும் பார்த்தால், எதிரி சரியாகத் தலையில் குறி வைத்துச் சுட்டும் குண்டு படாது, அவன் போனை எறிவான். அதனால் சர்வர் கடந்த சில கணங்களின் நிலையை ஞாபகத்தில் வைத்திருந்து, சுட்டவன் திரையில் அந்தக் கணத்தில் என்ன தெரிந்ததோ அந்த நிலைக்கு உலகத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறது. அங்கே ஆள் வெளியில்தான் நிற்கிறான், குண்டு பட்டது என்று தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு நம் பையனுக்கு வந்து சேர இன்னும் 20. அவன் போன், சர்வருக்காகக் காத்திருக்காமல் அவனுடைய அசைவை முன்கூட்டியே காட்டிவிடுவதால் அதற்கும் ஒரு 20. கூட்டினால் சுமார் 190 மில்லி நொடி. நொடிக்கு 6 மீட்டர் ஓடுகிறவன் அதற்குள் ஒரு மீட்டருக்கு மேல் கடந்திருப்பான், அதாவது சுவருக்குப் பின்னால் போயிருப்பான்.

இந்த ஏற்பாட்டை வால்வ் என்ற கேம் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001இலேயே விளக்கி எழுதிவிட்டார், இன்றைக்கும் பல சுடும் கேம்களில் இதே முறைதான். இரண்டு பேரும் தங்கள் திரையில் உண்மையைத்தான் பார்த்தார்கள், இரண்டு உண்மையையும் ஒன்றாகக் காப்பாற்ற முடியாதபோது சுட்டவன் பக்கம் சாய்வது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். குறி பார்த்துச் சுடுவது கைத்திறமை, அதற்குப் பலன் கிடைக்காவிட்டால் கேமே செத்துவிடும் என்பதால் அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் செத்தவனுக்கு ஏன் செத்தோம் என்று காட்டியாக வேண்டும். எதிரியின் திரையில் தான் எங்கே தெரிந்தோம் என்பதை இரண்டு நொடி திருப்பிப் போட்டுக் காட்டினால் பாதிக் கோபம் அங்கேயே அடங்கும்.

தனியாக ஆடும் கேம்களில் இந்தத் தகராறு இல்லை, அங்கே கேம் முழுக்க முழுக்க ஆடுகிறவர் பக்கம் சாயலாம். 2018இல் வந்த செலஸ்ட் என்ற குதித்து ஏறும் கேமில், பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் குதிக்க அனுமதி உண்டு. கண் விளிம்பைப் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அழுத்துவதற்குள் ஆள் விளிம்பைத் தாண்டியிருப்பான். கணக்குப்படி அவன் விழ வேண்டும், ஆனால் அவன் மனதில் விளிம்பிலேயே குதித்துவிட்டான். கேம் அந்த மனக்கணக்கை மதிக்கிறது. ஆடுகிறவருக்கு இப்படி ஓர் உதவி நடப்பதே தெரியாது, "இந்த கேம் கைக்கு நல்லா உட்காருது" என்று மட்டும் சொல்வார்.

நிகழ்தகவிலும் இதே சலுகை உண்டு. சிவிலைசேஷன் கேமை உருவாக்கிய சிட் மையர் 2010இல் ஒரு மாநாட்டில் பேசியபோது, மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தில் போரிட்டுத் தோற்றவர்கள் கேமில் ஏதோ கோளாறு என்றே நினைத்ததைச் சொன்னார். கணக்குப்படி நாலில் ஒரு தடவை தோற்கத்தான் வேண்டும், மனது அதை ஏற்கவில்லை, அதனால் கேமின் கணக்கையே கொஞ்சம் வளைத்தார்கள். 2002இல் வந்த ஒரு ஃபயர் எம்பிளம் கேமில் திரையில் 75 சதவீதம் என்று காட்டும் அடி உண்மையில் 87 சதவீதத்துக்கு மேல் படும், ஏனென்றால் உள்ளே ஒன்றுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்துச் சராசரி போடுகிறார்கள்.

இவ்வளவு சலுகை என்றால் எப்போதும் ஜெயிக்க விட்டுவிடலாமே என்று தோன்றும். அது நடக்காது. டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் பேர் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது, கேம் ஆடும்போது அது சுரப்பதை 1998இல் லண்டனில் 8 பேரை ஸ்கேனில் வைத்தே பார்த்துவிட்டார்கள். ஆனால் நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது, எதிர்பார்த்தபடியே கிடைக்கும் ஜூஸுக்கு டோபமைன் சுரக்கும் நரம்பு செல்கள் கூடுதலாகத் துடிப்பதில்லை, எதிர்பாராமல் கிடைத்தால்தான் துடிக்கின்றன என்பதை. நிச்சயமான வெற்றி சப்பென்று ஆகிவிடும். கடைசி வரை உயிரோடு நிற்பவர் ஜெயிக்கும் பேட்டில் ராயல் கேம்களில் ஆரம்ப நிலையில் பாட்களை, அதாவது கம்ப்யூட்டரே ஆட்டும் போலி ஆட்களை, நிரப்பி வைக்கிறார்கள் அல்லவா, பத்துப் பேரை அடித்த சந்தோஷம் "அட, எல்லாம் பாட்டுப்பா" என்று தெரிந்த நிமிடம் இறங்கிவிடுவதைப் பாருங்கள். அந்த வெற்றியும் அவனுடையது இல்லை என்று தெரிந்துபோகிறது.

நம்ம ஊர் வீடியோ கேம் கடைகளில் 'முஸ்தபா' என்று பேர் வாங்கிய கேம், காப்காம் 1993இல் விட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். முஸ்தபா அதில் வரும் நாலு நாயகர்களில் ஒருவன். காயின் போட்டால் ஆடும் மெஷின், சீக்கிரம் சாகடித்தால்தான் கடைக்காரருக்கு வரும்படி. அப்படியும் பையன்கள் ஏன் திரும்பத் திரும்ப காயின் போட்டார்கள்? பெரிய எதிரி அடிப்பதற்கு முன்னால் கையை ஓங்குவான், கொஞ்சம் நிதானிப்பான். கண்ணால் பார்த்து விரல் அசைய மனிதனுக்குக் கால் நொடி போல வேண்டும், ஓங்கும் நேரம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் தப்பிக்க வழி உண்டு. செத்தவனுக்கும் அது தெரியும், அதனால்தான் இன்னொரு காயின். காசு கொடுத்து வாங்கிய துப்பாக்கியோடு எதிரி வரும் இன்றைய கேம்களில் அந்த வழி கிடையாது, எவ்வளவு பழகினாலும் அவன் பர்ஸை ஜெயிக்க முடியாது. காசில்லாத வீட்டுப் பையன்களிடம் இதைச் செய்வது அநியாயம் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

உளவியல் ஆய்வாளர்களான ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ பிரிபில்ஸ்கி மூவரும் 2006இல் எழுதிய ஆய்வில், தன் இஷ்டப்படி செய்கிறோம் என்ற உணர்வு, கை தேறுகிறது என்ற உணர்வு, ஒன்றாக ஆடும் கேம்களில் கூட இருப்பவர்களோடு உள்ள ஒட்டுதல் என்று ஒரு கேமை விரும்பி ஆட வைக்கும் மூன்றைச் சொன்னார்கள். மூன்றாவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ராத்திரி பதினோரு மணிக்கு மொட்டைமாடியில் "மச்சி ரிவைவ் பண்ணுடா, டேய் வாடா" என்று கேட்கும் குரலே போதும். முதல் இரண்டும் மேலே சொன்ன நம்பிக்கை இல்லாமல் நிற்காது.

அதனால் வட சென்னையை வைத்து கேம் செய்ய ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஹார்பரையும் கிரேனையும் வரைய அவசரப்படாதீர்கள். 1996இல் வந்த சூப்பர் மாரியோ 64க்கு, அதை உருவாக்கிய நின்டெண்டோ நிறுவனத்தின் மியாமோட்டோவின் குழு முதலில் லெவல்களைக் கட்டவில்லை, மாரியோ ஓடுவதையும் திரும்புவதையும், ஒரு முயலைத் துரத்துவதையும் கைக்குப் பிடிக்கும் வரை திருத்திக்கொண்டே இருந்தார்கள். நீங்களும் ஒரு வெறும் தரை, ஒரு சுவர், ஓடிக் குதிக்கும் ஓர் ஆள், இவ்வளவோடு தொடங்குங்கள். அதைப் பத்தாயிரம் ரூபாய் போன் ஒன்றில் போட்டு, மே மாத மத்தியானத்தில் தண்டையார்பேட்டைப் பையன் ஒருவனிடம் கொடுத்து, அவன் விழும்போதெல்லாம் யாரைத் திட்டுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.