எஃப்-1 விசால படிக்கிறவங்க செமஸ்டருக்கு எத்தனை கிரெடிட் எடுக்கலாம்?

அமெரிக்கால எஃப்-1 விசால டிகிரி படிக்கிறவங்களுக்கு கிரெடிட் கணக்கு காலேஜ் விஷயம் மட்டும் இல்ல, ஸ்டேட்டஸே, அதாவது ஸ்டூடண்டா சட்டப்படி அங்க இருக்கற உரிமையே, அதுலதான் நிக்குது. இளநிலைன்னா செமஸ்டருக்கு குறைஞ்சது 12 கிரெடிட் எடுத்தே ஆகணும், மாஸ்டர்ஸ், பிஎச்டிக்கு அந்தந்த யூனிவர்சிட்டி சொல்றதுதான், நிறைய இடத்துல 9. ஆன்லைன் கிளாஸ் எத்தனை எடுத்தாலும் அந்த 12ல ஒரு கிளாஸ், அதாவது 3 கிரெடிட்தான் சேரும், ரிஜிஸ்டர் பண்றப்பவே இத பாத்துக்கோங்க.

அதிகபட்சம் எவ்ளோங்கிறத காலேஜ்தான் சொல்லும். பெரும்பாலும் டிகிரிக்கு 120 கிரெடிட், 8 செமஸ்டர்னா சராசரி 15 வரும். 1 கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் கிளாஸ், வெளிய ரெண்டு மணி நேரம் படிப்புன்னு கணக்கு, அப்போ 15க்கு 45 மணி நேரம், 18க்கு 54, இதுல கேம்பஸ் வேலை 20 மணி நேரம் சேந்தா எப்ப தூங்குவீங்கன்னு நீங்களே யோசிங்க.

அதுக்குன்னு கரெக்டா 12 மட்டும் எடுக்கறதும் சரி இல்ல, ஒரு பேப்பர் கஷ்டமா போனா அத விடவும் முடியாது வச்சுக்கவும் முடியாது. 15 எடுத்தீங்கன்னா 3 கிரெடிட் பேப்பர் ஒண்ண விட்டாலும் 12 நிக்கும், முதல் செமஸ்டருக்கு நான் இததான் சொல்வேன்.

12க்கு கீழ போகணும்னா ரெட்யூஸ்ட் கோர்ஸ் லோட்னு ஒரு அனுமதி இருக்கு, காலேஜ்ல வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ் விசா விஷயத்த பாத்துக்கற அதிகாரி, டிஎஸ்ஓன்னு சொல்வாங்க, அவங்கதான் தருவாங்க. இங்கிலீஷ் கஷ்டம், பாடம் நடத்துற முறை புதுசு, தப்பான லெவல் பேப்பர்ல சேந்தாச்சு, இந்த மாதிரி காரணத்துக்கு ஒரு டிகிரி லெவலுக்கு ஒரே தடவைதான், அப்பவும் 6 கிரெடிட்டாவது எடுக்கணும், அடுத்த செமஸ்டர் மறுபடி முழு லோட். உடம்பு சரியில்லன்னாலோ மனசளவுல முடியலன்னாலோ டாக்டர் இல்ல லைசென்ஸ் உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் லெட்டர் வேணும், மொத்தமா 12 மாசம் வரைக்கும் கிடைக்கும், தேவைப்பட்டா ஒரு கிளாஸும் எடுக்காம கூட இருக்கலாம், தயவுசெஞ்சு வெக்கப்பட்டுட்டு கேக்காம இருக்காதீங்க. கடைசி செமஸ்டர்ல மிச்சம் இருக்கற பேப்பர் மட்டும் போதும், ஆனா அதுக்கும் அனுமதி வாங்கணும். ஃபீஸ் கட்ட முடியல, மார்க் குறைஞ்சிடும்ங்கிறதெல்லாம் காரணமா எடுத்துக்க மாட்டாங்க.

காரணம் எவ்ளோ நியாயமா இருந்தாலும் டிஎஸ்ஓ செவிஸ்ல, அதாவது வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ் விவரம் இருக்கற அரசாங்க கம்ப்யூட்டர் பதிவுல, அனுமதிய ஏத்தின பிறகுதான் பேப்பர ட்ராப் பண்ணணும். மெயில் போட்டாச்சுன்னு நம்பி முன்னாடியே பண்ணிட்டா அன்னைக்கே ஸ்டேட்டஸ் போச்சு.