மாட்டை அடைத்தால் ஆள் வருவார்: பவுண்டு இயங்கிய விதம்

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில், கட்டவிழ்ந்து பிறர் வயலில் மேயும் மாட்டைக் கொண்டி மாடு என்பார்கள். அதன் கழுத்தில் முழங்கால் வரை தொங்கும்படி ஒரு கட்டையைக் கட்டிவிடுவது பழைய வழக்கம். மெல்ல நடந்து மேயும்வரை கட்டை சும்மா ஆடும். ஓடத் தொடங்கினால் முன்னங்கால்களில் மாறி மாறி இடிக்கும் என்பதால், வேலி தாண்டும் வேகமே மாட்டுக்கு வராது.

கட்டைக்கும் அடங்காத மாட்டுக்குத்தான் பவுண்டு, அதாவது பிடிபட்ட மாடுகளை அடைத்துவைக்கும் பட்டி. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்தவர் 24 மணி நேரத்துக்குள் அதைப் பவுண்டுக்கு அனுப்ப வேண்டும். சாலையையோ வாய்க்கால் கரையையோ சேதப்படுத்தும் மாட்டுக்கும் இதே கதிதான். உரியவர் யாரென்று தேடி அலையும் வேலை இதில் இல்லை. மாடு உள்ளே நின்றால் அவரே தேடி வருவார். அபராதத்தோடு தீனிச் செலவையும் கட்டினால்தான் மாடு வெளியே வரும். தீனிக் கணக்கு நாள்தோறும் ஏறுவதால், தாமதம் அவருக்கே நட்டம்.

மூலச் சட்டத்தின் அபராதப் பட்டியல் சுவையானது. யானைக்கு 2 ரூபாய், ஒட்டகத்துக்கும் எருமைக்கும் 8 அணா, பசு, காளை, குதிரைக்கு 4 அணா, கன்று, கழுதை, பன்றிக்கு 2 அணா, ஆட்டுக்கு 1 அணா. ரூபாய்க்கு 16 அணா என்பதால், 40 உருப்படி கொண்ட ஆட்டு மந்தை தோட்டத்தில் புகுந்தால் இரண்டரை ரூபாய், அதாவது யானையைவிட அதிகம். ஆடு கடித்து மொட்டையாகிப்போன கத்தரித் தோட்டத்தைக் கண்டவர்கள் இதை அநியாயம் என்று சொல்லமாட்டார்கள். அதே மந்தை அறுவடை முடிந்த வயலில் இரவு கிடை கிடந்தால், விழும் புழுக்கைக்காக வயல்காரரே மந்தையை மேய்க்கும் கீதாரிக்குக் கூலி கொடுப்பார்.

ஏழு நாளாகியும் யாரும் வராவிட்டால், மாடு பிடிபட்ட இடத்துக்கு அருகிலுள்ள ஊரிலும் சந்தையிலும் தமுக்கடித்து அறிவிக்க வேண்டும். மேலும் ஏழு நாள் கடந்தால் ஏலம். அந்த ஏலத்தில் பவுண்டுக்காரர் மாடு வாங்கக் கூடாது என்றும் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவருக்கு ஊர் நடப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உரியவர் வருவார் என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கும் இந்த ஏற்பாடு கோயில் காளையிடம் செல்லாது. அலங்காநல்லூர், பாலமேடு வாடிவாசல்களில் முதலில் அவிழ்க்கப்படும் அதை யாரும் பிடிப்பதில்லை. வயலில் வாய்வைத்தாலும் அதட்டி ஓட்டுவதோடு சரி. வேலைவெட்டியின்றிச் சுற்றும் பையனைக் கோயில் மாடு என்று ஏசுவதும் இந்தச் சலுகையை வைத்துத்தான். ஊருக்கே பொதுவான காளையை ஒருவர் பவுண்டில் அடைத்தால், அபராதத்தில் தம் பங்கை அவரும் கட்ட வேண்டியிருக்கும்.