சாஃப்ட் புரூஃப்: தமிழில் திரைமெய்ப்பு

அச்சகத்தில் 'புரூஃப் வந்தாச்சா?' என்று கேட்டால், மொத்தப் பிரதியும் ஓடுவதற்கு முன் பிழை பார்க்க எடுக்கும் சோதனை அச்சைத்தான் கேட்கிறார்கள். சோதித்துப் பார்ப்பதைக் குறிக்கும் 'புரோபாரே' என்ற லத்தீன் வினை, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'புரூஃப்' ஆயிற்று. தமிழில் இது மெய்ப்பு. மெய்ப்புத் திருத்துநர் என்று பதிப்பகங்களில் ஏற்கெனவே புழங்கும் சொல்தான்.

தாளில் எடுத்தால் ஹார்ட் புரூஃப். அச்சில் படம் எப்படி விழும் என்பதைத் தாளே இல்லாமல் மானிட்டரில் காட்டினால் சாஃப்ட் புரூஃப். மென்பொருள், மென்படி வரிசையில் 'மென்மெய்ப்பு' என்றும் சொல்லலாம். எனக்கென்னவோ 'திரைமெய்ப்பு' தேவலை. இந்த முறையின் வசதியும் கோளாறும் திரையில்தானே இருக்கின்றன!

பிரிண்டர், மை, தாள் மூன்றும் சேர்ந்தால் எந்த நிறம் எப்படி வரும் என்று அளந்து வைத்த கோப்பு ஐசிசி புரொஃபைல். ஃபோட்டோஷாப்பில் அதைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஒய் தட்டினால் திரைமெய்ப்பு வந்துவிடும். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் இந்த வசதி 2012-இல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து உண்டு. தாளின் வெண்மையையும் சேர்த்துக் காட்டச் சொன்னால் படம் சட்டென்று மங்கும். பலர் பயந்துபோய் அதை அணைத்துவிடுகிறார்கள். தாளில் அப்படித்தான் வரும்.

சிக்கல் 'கேமட்'டில். இது இசைச்சொல். இடைக்கால ஐரோப்பிய இசையில் மிகத் தாழ்ந்த சுரத்துக்கு 'காமா உத்' என்று பெயர். அது பிறகு சுரவரிசை முழுவதையும் குறித்து, கடைசியில் எதன் முழு எல்லைக்கும் ஆகிவந்தது. இங்கே ஒரு மானிட்டரோ பிரிண்டரோ காட்டக்கூடிய நிறங்களின் முழு எல்லை. தமிழில் நிற வீச்சு என்றால் போதும்.

சாதாரண மானிட்டர்கள் 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற வீச்சை ஒட்டியவை. மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை ஒன்றை ரா கோப்பாக (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) படமெடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தப் பச்சைநீலத்தின் அடர்த்தியான பகுதி எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காமல் போகலாம். ஆனால் நல்ல இங்க்ஜெட் பிரிண்டர் பளபளப்புத் தாளில் அதில் கணிசமான பகுதியை அச்சிட்டுவிடும். திரையில் மடிப்பெல்லாம் ஒட்டிப்போய் ஒரே தட்டையாகத் தெரியும். அதை நம்பி நிறச்செறிவைக் குறைத்தால், அச்சில் நன்றாக வந்திருக்கவேண்டிய மடிப்பையும் சேர்த்து நாமே வெளிறடித்துவிடுகிறோம். கோப்பை முதலிலேயே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றியிருந்தாலோ, அந்த நிறம் பிரிண்டர் வரை போகவே போகாது.

திரையில் பளிச்சென்று இருக்கும் நீலம் தாளில் சோர்ந்துவிடும் கதை வேறு. அதை இதே மானிட்டரில் பெரும்பாலும் சரியாகவே பார்த்துவிடலாம், மானிட்டரை நிறம் அளக்கும் கருவி வைத்து முறையாகச் சரிசெய்திருந்தால்.

லைட்ரூம் திரைமெய்ப்பில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சிவப்பு பூசினால் அந்த நிறம் அச்சுக்கு எட்டாது. நீலம் பூசினால் மானிட்டருக்கு எட்டாது. சிவப்பைத் திரையிலேயே சரிசெய்யப் பார்க்கலாம். புடவைமேல் நீலம் மட்டும் படிந்தால் ஸ்லைடரைத் தொடாமல், அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, ஆல்பத்துக்குப் போகும் அதே தாளில் ஒரு துண்டு ஹார்ட் புரூஃப் எடுத்துப் பாருங்கள்.