மனநல மையத்தில் ‘ஓ.டி.’ என்று சொல்பவர் என்ன படித்திருக்கிறார்?

மறுவாழ்வு மையத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் கட்டணம், சாப்பாடு, பார்க்க வரும் நேரம் எல்லாம் விசாரிப்பார்கள். பலகையில் ‘ஆக்குபேஷனல் தெரபி உண்டு’ என்று, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை உண்டு என்று, எழுதியிருந்தால், அதைத் தருபவர் என்ன படித்தவர் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். ஏதோ ஆறு மாதச் சான்றிதழ் வாங்கியவரும், சில இடங்களில் வார்டு உதவியாளரும்கூட அந்தப் பெயரில் வேலை பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஓ.டி. என்று அழைக்கப்படும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளான நாங்கள் படிப்பது பி.ஓ.டி. என்ற இளநிலைப் பட்டம். இன்று வேலையில் இருக்கும் பெரும்பாலானோர் படித்தது நான்கரை ஆண்டு, அதில் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். உடற்கூறியல், நரம்பியலோடு மனநலமும் பாடம், மனநல வார்டில் போஸ்டிங்கும் உண்டு. ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பின் அளவுகோல்படி களப்பயிற்சி மட்டுமே குறைந்தது 1,000 மணி நேரம் (1952இல் அந்தக் கூட்டமைப்பைத் தொடங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று, நம் ஆட்களுக்கே இது தெரியாது). அப்புறம் முதுநிலைப் பட்டமான எம்.ஓ.டி. இரண்டு ஆண்டு, அதில் மனநலத்தையே சிறப்புப் பிரிவாக எடுக்கலாம். மனநலத்தில் வேலை செய்ய அது கட்டாயமில்லை, ஆனால் பி.ஓ.டி. இல்லாமல் முடியாது. உளவியலில் முதுகலை முடித்தவர் நல்ல உளவியலாளராக இருக்கலாம், ஓ.டி. ஆகிவிட மாட்டார்.

இவ்வளவு படிப்பு எதற்கு? ஸ்கிசோஃப்ரினியா உள்ள ஒரு இளைஞர் பத்து மணி வரை எழுந்திருப்பதில்லை, வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். இரவு மாத்திரையின் மயக்கமா, எதிலும் நாட்டமே எழாத நோய் அறிகுறியா, எழுந்தால் செய்ய ஒன்றுமில்லை என்பதாலா, அல்லது பல் தேய்த்து, குளித்து, உடை மாற்றுவதை வரிசையாகச் செய்ய முடியாமல் தடுமாறுகிறாரா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. முதலாவது என்றால் மருத்துவரிடம் மாத்திரை நேரம் பற்றிப் பேச வேண்டும், கடைசி என்றால் குளியலறையிலேயே நின்று எந்தப் படியில் சிக்குகிறார் என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் எல்லோர் கையிலும் பாசிமணியைக் கொடுத்துக் கோக்கச் சொன்னால் பொழுது போகும், அவ்வளவுதான். ஆபத்தும் இருக்கிறது: லித்தியம் சாப்பிடுபவரை மதிய வெயிலில் தோட்ட வேலைக்கு அனுப்பினால், உடலில் நீர் வற்றி இரத்தத்தில் மருந்தின் அளவு நச்சாகும் அளவுக்கு ஏறலாம். தற்கொலை எண்ணம் உள்ளவரிடம் கத்தரிக்கோலை எப்போது கொடுக்கலாம் என்பதும் அனுமானத்தில் முடிவு செய்கிற விஷயம் இல்லை.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யச் சொல்லும் பட்டியலில் மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் இருக்கிறார்கள், எங்கள் பெயர் இல்லை. எங்களுக்கு அது தீராத மனக்குறை. ஆனால் அதைச் சாக்காக வைத்து ‘ஓ.டி.க்குப் பதிவே தேவையில்லை’ என்று மையங்கள் சொல்வது தவறு. துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையம் அமைக்க 2021இல் வந்த சட்டம் எங்களையும் உள்ளடக்கியது, மாநிலப் பதிவேடு, மத்தியப் பதிவேடு இரண்டையும் பற்றிச் சொல்கிறது. டெல்லியிலும் மகாராஷ்டிராவிலும் அதற்கு முன்பே தனிக் கவுன்சில்கள் இருந்தன.

ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் காட்டி ‘நான் ஓ.டி.’ என்றால் நம்பாதீர்கள். அது சிறப்பு ஆசிரியர், மருத்துவ உளவியலாளர் போன்றோருக்கானது. ஓ.டி.களின் அகில இந்தியச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை நல்ல அடையாளம்தான், அரசுப் பதிவு ஆகாது. பதிவு வேலை எல்லா மாநிலங்களிலும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை, அரசுப் பதிவு எண் இன்னும் கிடைக்காத நல்ல ஓ.டி.களும் இருக்கிறார்கள். அப்போது பட்டச் சான்றிதழைக் கேளுங்கள், பல்கலைக்கழகத்தின் பெயரையும் பி.ஓ.டி. என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். காட்டுவதில் யாருக்கும் வெட்கமில்லை, நாங்களே பெரும்பாலும் அதைச் சுவரில்தான் மாட்டி வைத்திருக்கிறோம்.