கொலைகாரனுக்கு நோயாளியின் முகம் எதற்கு?

வெள்ளவத்தையிலுள்ள எனது உளவளத்துணை அறைக்கு வந்த ஒரு தாய் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்), வீட்டுக் கத்திகளையெல்லாம் அலுமாரியில் பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். 19 வயது மகனுக்குச் சில மாதங்களாக, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதுபோல் குரல்கள் கேட்கத் தொடங்கியிருந்தன. "மிஸ், படத்தில வாறவன் மாதிரி இவனும் ஏதும் செய்துபோடுவானோ?" என்று அவர் கேட்டார். மகன் ஒருவரையும் அதட்டியதுகூட இல்லை. வீட்டார் கூடியிருந்து பார்த்த ஒரு தொடர்கொலைப் படத்திலிருந்துதான் அந்தப் பயம் வந்திருந்தது.

இத்தகைய படங்களை நானும் விரும்பிப் பார்ப்பவள். அவற்றில் மிகச் சிறந்தவை நம்மை உறையவைக்க ஒரு நோயின் பெயரைத் தேடிப் போவதில்லை. 1931இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' படத்தில் சிறுமியின் கொலை காட்டப்படுவதேயில்லை. தாய் உணவு மேசையில் மகளுக்கு இடம் ஒழுங்குசெய்துவிட்டுக் காத்திருக்கிறாள். அவள் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, வெறும் படிக்கட்டு தெரிகிறது. பின்பு புல்லில் ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது, ஒரு பலூன் கம்பிகளில் சிக்கித் தவிக்கிறது. மீதியை நமது மனமே நிரப்பிக்கொள்கிறது. அது தனக்கு மிகவும் பயமானதையே எடுத்து நிரப்பும். கொலைகாரன் சீழ்க்கையடிக்கும் மெட்டும் அப்படித்தான்: ஓர் ஒலியும் ஆபத்தும் சில தடவை சேர்ந்தே வந்துவிட்டால், பிறகு ஒலி தனியே வந்தாலும் உடல் பதறும்.

தென்கொரியாவின் ஹ்வாசொங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த கொலைகளைத் தழுவி, பொங் ஜூன்-ஹோ 2003இல் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' படத்தை எடுத்தார். அதன் முடிவில், சந்தேக நபரைக் கண்ட ஒரு சிறுமியிடம் அவன் முகம் எப்படியிருந்தது என்று கேட்கிறார்கள். சாதாரணமான முகம் என்கிறாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு பேருந்தில் பக்கத்தில் இருப்பவரையும் நாம் திரும்பிப் பார்ப்போம். (உண்மையான குற்றவாளி 2019இல் மரபணுச் சோதனையால் அடையாளம் காணப்பட்டபோது, அவர் வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தார்.)

ஆனால் பல படங்கள், இரண்டு மணித்தியாலம் கட்டியெழுப்பிய பயத்தைக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு வைத்தியசாலைக் கோப்பு, ஒரு மாத்திரைப் போத்தல், காரணமற்ற ஒரு சிரிப்பு ஆகியவற்றைக் காட்டி முடித்துவிடுகின்றன. இது கலைக்கும் நட்டம், ஏனெனில் விளக்கம் கிடைத்தவுடன் பயம் வடிந்துவிடுகிறது. அந்த விளக்கம் பெரும்பாலும் பொய்யானதும்கூட. தொடர்கொலையாளிகள் பலர் குடும்பத்தோடும் தொழிலோடும் வாழ்ந்தவர்கள், திட்டமிட்டு நடந்தவர்கள். யதார்த்தத்தோடு தொடர்பிழக்கும் மனச்சிதைவு வேறு, பிறர் வலியை உணராத கொடூரம் வேறு. கடுமையான மனநோயுள்ளவர்கள் வன்முறை செய்வதைவிட, வன்முறைக்கு ஆளாவதே அதிகம்.

மனநல வைத்தியசாலை இருப்பதாலேயே 'அங்கொட' என்ற ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் கொழும்பில், இப்படிப்பட்ட படத்தைப் பார்த்த ஓர் இளைஞன் தனக்குக் குரல் கேட்பதை யாரிடம் வாய்திறந்து சொல்வான்? அந்த மகனும் மூன்று மாதங்கள் மறைத்திருந்தான். ஆரம்பத்திலேயே சிகிச்சை தொடங்குவது மிகவும் பயன்தரும் ஒரு நோயில் அந்த மூன்று மாதங்கள் பெரிய இழப்பு. உளமருத்துவரிடம் அனுப்பியபின் அவன் இப்போது ஒழுங்காக மருந்தெடுக்கிறான். உங்கள் வீட்டில் ஒருவர் இப்படிச் சொன்னால், கத்தியை ஒளிப்பதற்கு முன் அவர் சொல்வதை இருந்து கேளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம்.