முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் படுக்கையறைச் சுவரின் அடியில் முழ உயரத்துக்கு ஈரம் கறுத்து நிற்கும். பெயிண்ட் பொரிந்து உதிரும். தக்கலை பக்கம் எங்கள் வீட்டில் மூன்று வருடம் இதுதான் நிலை. ஈரம் தடுக்கும் பெயிண்ட் இரண்டு முறை அடித்தோம், இரண்டு முறையும் அடுத்த மழைக்காலத்திலேயே பொரிந்தது. கடைசியில் பார்த்தால் கோளாறு சுவரில் இல்லை. சுவரை ஒட்டியிருந்த முற்றம், கண்ணுக்குத் தெரியாத அளவில் வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

குமரி மாவட்டத்தில் வீடு வைத்திருப்பவர்கள் இந்தச் சாய்வைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது; அது ஓய்ந்த சூட்டோடு அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் மற்ற பல மாவட்டங்களில் மண் நன்றாகக் காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் இங்கே, அதிலும் மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம், மண்ணுக்குள் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே ஈரமான மண் புது மழையை மெதுவாகத்தான் குடிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஐந்து சென்ட் மனையில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் 20,000 லிட்டர் வந்து விழுகிறது. வீட்டுக் கூரை 1,000 சதுர அடி என்றால் அதில் மட்டும் 9,000 லிட்டருக்கு மேல். அதை மாடியிலிருந்து பைப் வழியாக இறக்கிச் சுவரின் காலடியிலேயே விட்டுவிடுகிறோம்.

இந்தத் தண்ணீரில் எவ்வளவு உள்ளே இறங்கும், எவ்வளவு மேலே ஓடும் என்பதை மண்தான் தீர்மானிக்கிறது. குளச்சல், முட்டம் கரையோர மணல் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் உறிஞ்சும். களிமண் 1 முதல் 5 மில்லிமீட்டர் வரைதான். வயலை நிரப்பி வீடு கட்டிய இடங்களில் மேலே செம்மண் போட்டிருந்தாலும் அடியில் இருப்பது அந்த வயல் களிதான். மழையின் வேகம் மண் குடிக்கும் வேகத்தைத் தாண்டிய நொடியிலிருந்து மிச்சத் தண்ணீர் ஓட இடம் தேடும்.

அதற்குத்தான் சாய்வு. தட்டையான தரையிலும் தண்ணீர் ஓடத்தான் செய்யும். ஆனால் அது முதலில் ஒரு பக்கம் குவிந்து, தன் மேல்மட்டத்திலேயே ஒரு சரிவை உண்டாக்கிக்கொண்டு, பிறகுதான் நகரும். அந்தக் குவிந்து நிற்கும் நேரம் முழுக்கத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. சாய்வு கொடுத்தால் அந்தக் காத்திருப்பு குறையும். அதற்காகச் சரிவை ஏற்றிக்கொண்டே போவதும் சரியில்லை. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-இல் முன்வைத்த சூத்திரப்படி, ஓடும் நீரின் வேகம் சரிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். ஆழம் அதேயளவு இருக்கும்போது சரிவை நான்கு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்காகும். வேகம் கூடினால் நம் செம்மண்ணை அது சுரண்டிக்கொண்டு போய் ரோட்டில் சேர்க்கும்.

நடைமுறையில் பொறியாளர்கள் சொல்லும் அளவு எளிது. மண் தரையானால் சுவரிலிருந்து முதல் 10 அடி தூரத்துக்குள் 6 அங்குலம் இறங்க வேண்டும், அதாவது 5 சதவீதம். சிமென்ட் தளம், பேவர் பிளாக் மாதிரி வழவழப்பான தரைக்கு 10 அடிக்கு இரண்டரை அங்குலம் போதும்.

சரி, எங்கள் வீட்டில் சாய்வு எப்படித் தலைகீழானது? வீடு கட்டிய வயதான கொத்தனார் அன்றைக்கே “தண்ணி அதுக்க பாட்டுக்குப் போவும் மக்களே” என்றார். அன்று அவர் சொன்னது உண்மைதான், தண்ணீர் வெளியேதான் போனது. ஆனால் அஸ்திவாரத்துக்கு வானம் (பள்ளம்) தோண்டும்போது, ஆள் இறங்கி நின்று கல் கட்ட வேண்டும் என்பதால் சுவரின் அகலத்தைவிடக் கூடுதலாகத்தான் தோண்டுவார்கள். கட்டி முடித்ததும் மிஞ்சிய பள்ளத்தில் அதே மண்ணைத் தள்ளி மூடி, மேலே சமமாக்கிவிடுவார்கள். அந்த மண் இறுகவில்லை. துகள்களுக்கு நடுவே நிறையக் காற்று. கொஞ்சம் ஈரம் இருக்கும்வரை துகள்களின் இடையில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. சொத்தவிளைக் கடற்கரையில் பிள்ளைகள் ஈர மணலில் கட்டும் வீடு நிற்பதும் இதே பிடிப்பில்தான். அலை வந்து முழுதாக நனைத்ததும் பிடி விட்டுப்போகிறது, வீடு அமர்ந்துவிடுகிறது. சுவரோரத்து மண்ணும் முதல் பெருமழையில் அப்படித்தான் அமர்கிறது. சில அங்குலம் இறங்கினாலே போதும், வெளியே போன தண்ணீர் உள்ளே திரும்பிவிடும். அதனால்தான் கட்டி முடித்த வருடம் இல்லாத ஈரம் இரண்டாம், மூன்றாம் வருடத்தில் வருகிறது.

உள்ளே இறங்கிய தண்ணீர் கீழே போய்விடும் என்று நினைக்கக் கூடாது. அது மேலேயும் ஏறும். திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல மண்ணின் நுண்துளைகளும் செங்கல்லின் நுண்துளைகளும் நீரை மேலே இழுக்கின்றன. துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு உயரம் ஏறும். இந்த ஓதத்தைத் தடுக்கத்தான் பேஸ்மட்டத்தின், அதாவது வீட்டுத் தரை மட்டம் வரை எழுப்பும் அடிச்சுவரின், மேல் ஈரத்தடுப்புப் பூச்சு போடுகிறார்கள். ஆனால் ரோட்டை உயர்த்தும்போதெல்லாம் நாமும் நாலு டெம்போ மண் இறக்கி முற்றத்தை உயர்த்துகிறோம். முற்றத்து மண் அந்தப் பூச்சைத் தாண்டி மேலே வந்துவிட்டால் பூச்சு இருந்தும் பயனில்லை. மண் நேராகச் சுவரைத் தொட்டு ஈரம் கொடுக்கும். முற்றத்து மண்ணுக்கும் பேஸ்மட்டத்தின் மேலுள்ள அந்தப் பூச்சுக்கும் நடுவே அரை அடியாவது சுவர் வெளியே தெரிய வேண்டும். மனையை உயர்த்தும் விஷயத்தில் நான் யாரிடமும் வாதாடுவது இந்த ஒரு அளவுக்காகத்தான்.

சாய்வைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மதிலும் ரோடும் சாய்ந்திருந்தால் கண் ஏமாறும். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் இருந்தால் போதும். குமிழ் இல்லாமல் நீர் நிரப்பிய டியூபின் இரு முனைகளிலும், நடுவில் அது எப்படி வளைந்து கிடந்தாலும், நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையைச் சுவரோரம், மறு முனையைப் பத்தடி தள்ளி ஒரு கம்பில் பிடியுங்கள். தரையிலிருந்து நீர்மட்டம் வரை இரண்டு இடத்திலும் அளந்து பாருங்கள். சுவரோரம் 30 அங்குலம், கம்பில் 36 என்றால் சாய்வு சரி. எங்கள் வீட்டில் சுவரோரம் 33, கம்பில் 31 வந்தது. வீட்டைப் பார்த்து இரண்டு அங்குலம்!

சாய்வைச் சரிசெய்ய மண் போடும்போது மணல் வேண்டாம். பேவர் பிளாக்கின் கீழே சுவரோரம் மணல் கொட்டினால், கல் இடுக்கில் இறங்கிய நீரை அது வடிகட்டி மாதிரி நேரே அடிமானத்துக்குக் கொண்டுபோகும். களிப்புள்ள செம்மண் நல்லது. நம் ஊர்ச் செம்மண்ணில் இருக்கும் களி பெரும்பாலும் கயோலினைட் வகை. கரிசல்போல உப்பி வெடிக்காது. அரை அடி அரை அடியாகப் போட்டு, லேசாக நனைத்து, இடித்து இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடி மண் மறுபடியும் அமரும்.

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து மேடான மனைகளில் இன்னொரு சிக்கல்: மேலே ரப்பர் விளையிலிருந்து (தோட்டத்திலிருந்து) வரும் தண்ணீர். அங்கே வீட்டுக்குப் பின்னால் பத்தடி மேலேயே, இரண்டடி அகலத்தில் அரை அடி ஆழத்தில், புல் வளர்ந்த ஆழமில்லாத ஓடை ஒன்று குறுக்கே எடுத்து, வீட்டைச் சுற்றி இரண்டு பக்கமும் இறக்கிவிட வேண்டும். 1 முதல் 2 சதவீதச் சரிவு போதும். பழைய கல் கையாலையின் (கல்லை அடுக்கிக் கட்டிய வேலிச்சுவரின்) இடுக்குகள் வழியே தண்ணீர் வடிந்துவிடும். அதை இடித்துவிட்டு ஹாலோ பிளாக் மதில் கட்டினால் அது அணைக்கட்டு ஆகிவிடுகிறது. மதிலில் அடியோரம் ஆறடிக்கு ஒரு பிவிசி குழாய்த் துண்டு வையுங்கள். வைக்காத மதில்கள் மழையில் சாய்வதற்கு, பின்னால் தேங்கிய நீரின் அழுத்தம் முக்கியக் காரணம்.

அப்புறம், ஓடும் தண்ணீரைப் பக்கத்து வீட்டு முற்றத்துக்கு விடக்கூடாது. நாங்கள் கூரை பைப்பை ஏழடி நீட்டி, தென்னை மூட்டுத் தடத்தில் (மரத்தடியைச் சுற்றிய பாத்தியில்) விட்டோம். நிறைந்து வழிவது தெரு ஓடைக்குப் போகிறது. இன்னொரு பைப்பைக் கிணற்றுப் பக்கம் தோண்டிய சல்லிக் குழிக்குத் திருப்பினோம்.

முற்றத்தைச் சரிசெய்த பிறகு வந்த முதல் பெருமழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. மழை விட்டதும் அங்கே இரண்டு கூடை செம்மண் போட்டு இடித்தோம். அடுத்த வைகாசி கடைசியில், மழை தொடங்குமுன், டியூபை மறுபடியும் பிடித்தபோது அந்த மூலை அரை அங்குலம் அமர்ந்திருந்தது; இன்னும் ஒரு கூடை போட்டோம்.